முன்னால் நிற்பவர் பெயர்

மலை அசையாமல் கிடக்கும் நாளில்கூட எங்கள் திரையில் பூஜ்யம் வராது. லோரி போனால் கம்பம் ஆடும். காற்றடித்தால் ஆடும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் சாய்வுமானி சும்மா இருக்காது, ஏதாவது ஒரு சின்ன எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆபீசுக்கு வந்த பிரெட்ரிக், நனைந்த குடையை மடக்காமல் திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டான். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் கீழ் லயத்துக்கு மேலே இருக்கும் சரிவு திரையில் பச்சையாக இருந்தது, ஆபத்து இல்லை என்று அர்த்தம். பச்சைக்குப் பக்கத்தில் பூஜ்யம் இருந்தது.

நான் காலையிலிருந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பச்சையாகத்தானே இருக்கிறது என்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள். எண்ணைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் பச்சையை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆபீஸ் கம்போங் ராஜாவில் ஒரு பூச்சிமருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. முதலாளி யோகேந்திரன் ஈப்போவில் இருப்பார், எப்போதாவது வந்து குறை சொல்லிவிட்டுப் போவார். லெம்பா பெர்த்தாமில் சேறு இறங்கிய வருஷத்திலிருந்து இந்த மலையில் எல்லாருக்கும் மண் மேல் ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் எங்கள் பிழைப்பு. சரிவில் வரிசையாகக் கம்பம் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வுமானி கட்டி, எல்லா ஒயரையும் ஓர் இரும்புப் பெட்டிக்குக் கொண்டுவருவோம். மண் நகர்ந்தால் கம்பம் சாயும். சாய்வு அளவுக்கு மேல் போனால் பெட்டியின் தலையில் இருக்கும் சைரன் ஊதும். எஸ்டேட்டில் அதைச் சங்கு என்பார்கள். முன்பு ஃபேக்டரியில் ஊதியதற்கும் அதே பேர்தான்.

எப்போது ஊத வேண்டும் என்ற விதியை எழுதுவது நான். அந்த விதியைப் படித்து நடத்தும் மெஷினை எழுதியவன் பிரெட்ரிக். மெஷின் என்றால் இரும்பு இல்லை. பெட்டியில் மலிவான சில்லு ஒன்று இருக்கிறது, அதற்குள் நிரலாலேயே கட்டிய இன்னொரு மெஷின். பாடப்புத்தகத்தில் மெய்நிகர் இயந்திரம் என்று போட்டிருப்பார்கள், நாங்கள் குட்டி மெஷின் என்போம். விதியை மாற்ற வேண்டுமென்றால் ஆபீசில் இருந்தபடியே காற்றில் அனுப்பிவிடலாம். குட்டி மெஷினை மாற்ற வேண்டுமென்றால் பெட்டி நிற்கும் இடத்துக்கே ஏறிப்போய் அதன் மெமரி அட்டையை மாற்ற வேண்டும். அதையும் காற்றில் அனுப்ப வழி செய்யலாமே என்று நான் கேட்டேன், செலவு என்று யோகேந்திரன் சொல்லிவிட்டார். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது, அதனால் ஒரு தடவையோடு விடுகிறேன்.

பிரெட்ரிக் குடையை மூலையில் போட்டுவிட்டு, பச்சைக்குப் பின்னால் இருக்கும் அசல் எண்களைத் திறந்தான். முதல் கம்பத்துக்கு நேரே எண்ணே இல்லை, வெற்றிடம். இரண்டாவதிலிருந்து கடைசி வரை எல்லாக் கம்பமும் சாய்ந்துகொண்டிருந்தன. விடியும்போதே சாயத் தொடங்கியிருந்தன. சங்கு எப்போதோ ஊதியிருக்க வேண்டும். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது, எழுதியவன் அவன்தானே.

புரியும்படி சொல்கிறேன். குட்டி மெஷினுக்குள் உண்டாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வகை உண்டு. நீ எண், நீ எழுத்து என்று பிறக்கும்போதே நெற்றியில் ஒட்டிவிடும். பல பொருளை ஒன்றாக அடுக்கினால் அந்த வரிசையும் ஒரு பொருள்தான், அதற்கும் வகை ஒட்ட வேண்டும். எண் வரிசை என்று ஒட்டியிருந்தால், உன்னில் பெரியது எது என்று கேட்டதும் ஒவ்வொன்றாகத் தேடிச் சொல்லும். வெற்று வரிசை என்று ஒட்டியிருந்தால் தேடவே தேடாது, பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். வரிசைக்கு எந்த வகையை ஒட்டுவது என்பதை பிரெட்ரிக்கின் மெஷின் முதலில் நிற்கும் பொருளைப் பார்த்து முடிவு செய்தது. முதலில் எண் நின்றால் எண் வரிசை. முதலில் ஒன்றும் இல்லையென்றால் வெற்று வரிசை, பின்னால் எத்தனை எண் நின்று கத்தினாலும் சரி.

எஸ்டேட்டில் பிறக்காத ஒருவன் இப்படி எழுதியிருக்கமாட்டான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிரெட்ரிக் அந்தக் கீழ் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அங்கே காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கேங் கேங்காக வரிசையில் நிற்பார்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கூப்பிட்டு யார் யாருக்கு எந்தத் தேயிலைக் காடு என்று பிரித்துக் கொடுப்பார். கேங்குக்கு நம்பர் கிடையாது. முன்னால் யார் நிற்கிறாரோ அவர் பேர்தான் கேங்குக்கு. பிரெட்ரிக்கின் அம்மா லூர்தம்மாள் எப்போதும் தன் வரிசையில் முன்னால் நிற்பார், அதனால் அது லூர்தம்மா கேங். மண்டோர் நாகப்பன் “லூர்தம்மா கேங்” என்பார், அவர் “இருக்கோம்” என்பார். அதோடு கணக்கு முடிந்தது.

ஒருநாள் லூர்தம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். நாகப்பன் கூப்பிட்டார், முன்னாலிருந்து குரல் வரவில்லை. கேங் வரவில்லை என்று அவர்கள் காட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். மொத்தக் கேங்கும் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து பதில் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை, அதனால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பிரெட்ரிக் இதை ஆபீசில் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறான். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

“பெரட்டுல முன்னால நிக்கிறவங்க பேருதான, ரூபி, கேங்குக்கு,” என்றான். “நான் அதையே எழுதி வச்சிருக்கேன். வேற மாதிரி எழுதலாம்னே எனக்குத் தோணல.”

சோதிக்காமல் இல்லை. பெட்டியை நட்டபோது ஒவ்வொரு கம்பமாக ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். எதைப் பிடுங்கினாலும் மற்றதை வைத்துச் சரியாக ஊதியது. முதல் கம்பத்தை மட்டும் பிடுங்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றது அது, அதன் அடியில்தான் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரே குடையில் உட்கார்ந்திருந்தோம். நாமே உட்கார்ந்திருக்கும் கம்பம் என்ன ஆகிவிடப்போகிறது என்று இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நான் எதைப் பற்றியும் யோசிக்காமல் ‘உடனே ஊது’ என்று ஒரு விதியை எழுதத் தொடங்கினேன், அதைக் காற்றில் அனுப்பினால் சங்கு ஊதிவிடும். அவன் இன்னொரு பக்கம் குட்டி மெஷினைத் திருத்தினான். வரிசையில் என்ன நிற்கப்போகிறது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது, அதைப் பார்த்து, வரிசை பிறக்கும்போதே, உள்ளே ஒன்றையும் வைப்பதற்கு முன்பே, எண் வரிசை என்று ஒட்டிவிட வேண்டும். முன்னால் யார் நின்றாலும் நிற்காவிட்டாலும் வகை மாறாது. முதல் நாளே இப்படி எழுதியிருக்க வேண்டியது. திருத்தம் நாலைந்து வரிதான். ஆபீசில் வைத்திருந்த உதிரிப் பெட்டியில் அதை ஏற்றி, முதல் ஒயரைப் பிடுங்கிவிட்டு மற்றதைச் சாய்த்தான். உதிரிப் பெட்டி அலறியது. கீழே கடைக்காரர் மேலே வந்து திட்டிவிட்டுப் போனார்.

அவர் இறங்கிய கையோடு என் திரை செத்தது. எஸ்டேட் பக்கத்துக் கோபுரத்தில் மின்சாரம் போய்விட்டது. என் விதி போய்ச் சேரவில்லை. லயத்தில் யாருக்கும் போன் கிடைக்கவில்லை. யோகேந்திரன் மட்டும் கிடைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலையில் தானும் போனில் பார்த்ததாகவும் பச்சையாகத்தானே இருந்தது என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் மேனேஜர் துரையும் ஊரில் இல்லை, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றார். நான் அவரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன், போனை வைத்துவிட்டுத்தான்.

பிரெட்ரிக்கின் பழைய ‘கஞ்சில்’ ரகச் சின்னக் கார் மழையில் எப்போதும் முனகும், அன்றைக்கு முனகாமல் ஏறியது. நாலைந்து நாளாக விடாத மழை. சாலையில் சேறு ஓடியது, காய்கறி லோரிகள் ஓரமாக நின்றன. அவன் சட்டைப்பையில் திருத்திய அட்டை இருந்தது, நனையாமல் இருக்க ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தான். இடையிடையே கையை வைத்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சங்கைக் கையால் ஊதவைக்க வழியில்லை. முதலில் ஒரு பொத்தான் இருந்தது. லயத்து இளவட்டங்கள் குடித்துவிட்டு ஏறிப்போய் அதை அழுத்தி, மூன்று தடவை மொத்த லயமும் கொட்டும் மழையில் வெளியே ஓடிவந்து நின்றது. மூன்றாவது தடவை துரைக்குக் கோபம் வந்தது. பொத்தானை எடுக்கச் சொன்னார், பெட்டிக்குள் யாரும் ஒயரில் கைவைக்காதபடி பிசின் ஊற்றி அடைக்கச் சொன்னார். இனிமேல் சங்கு ஊதினால் மட்டும்தான் லயத்தைக் காலி செய்ய வேண்டும், யார் சொன்னாலும் கிளம்பக் கூடாது என்று பெரட்டுக் களத்தில் நின்று சொல்லிவிட்டார். அட்டை செருகும் துளை ஒன்றுதான் மிச்சம்.

திருத்தமெல்லாம் அப்புறம், சும்மா ஊது என்று ஓர் அட்டையை எழுதிக் கொண்டுபோகலாமே என்று காரில் கேட்டேன்.

“எழுதி, ஏத்தி, செக் பண்ணி முடிக்கிறதுக்குள்ள நேரம் போயிடும்லா,” என்றான். “இது சரியா இருக்கு, ரெண்டு பேரும் பாத்துட்டோம். மலை நகந்தா ஊதும், நகரலன்னா ஊதாது. இன்னொருக்கா பொய்யா ஊதுனா எங்கம்மாவே அடுத்த தடவ வெளிய வரமாட்டாங்க.”

அவன் சொன்னது நியாயம்தான். எனக்கு அந்த நியாயத்தின் மேல் வெறுப்பாக இருந்தது. இன்னொன்றையும் கேட்க நினைத்தேன். முதல் கம்பம் ஏன் செத்தது என்று அவன் சொல்லவில்லை. எலி ஒயரைக் கடித்திருக்கலாம், காட்டுப்பன்றி முட்டியிருக்கலாம். அந்த இடத்து மண்தான் முதலில் பிளந்தது என்றும் இருக்கலாம், பெட்டி நிற்பதும் அதே இடத்தில்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் அது தோன்றியிருந்தது. நான் கேட்கவில்லை, கேட்டாலும் அவன் போயிருப்பான், கீழே இருப்பது அவன் அம்மா.

எனக்கு அவன் மேல் ஆசை இருந்தது. அவனுக்கும் இருந்தது. அவன் அம்மாவுக்கும், கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டும் என் அப்பாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று இரண்டு சாமியையும் சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

தேயிலைக்குள் பாதை பிரியும் இடத்தில் காரை நிறுத்தினான். மேலே போனால் பெட்டி, கீழே போனால் லயம். சங்கு ஊதியதும் அதே பாதையில் திரும்பாமல் பக்கவாட்டில் லோரி ரோட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னான். என்னை லயத்துக்குப் போய் எப்படியாவது ஆட்களை வெளியே இழுக்கச் சொன்னான். தான் மேலே போவதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னான். சொன்னால் அவர் வெளியே ஓடமாட்டார், மேலே ஓடிவருவார். மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு தேயிலை நிரைகளுக்கு நடுவே ஏறினான். பனி இறங்கியிருந்தது, கொஞ்ச தூரத்தில் மஞ்சளும் தெரியவில்லை.

லயத்தில் நேப்பாள ஆட்கள் தங்கியிருக்கும் கடைசி வீடுகளில்தான் முதலில் கதவைத் தட்டினேன். அவர்களிடம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவர் வெளியே வந்து மேலே பார்த்தார், வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார், அது செம்மண் குழம்பாக ஓடியது. உள்ளே திரும்பி ஒரு வார்த்தை சொன்னார், எல்லாரும் செருப்பைக்கூடத் தேடாமல் பெரட்டுக் களத்துக்கு ஏறினார்கள். அவர்கள் ஊரிலும் மலை இருக்கிறது.

எங்கள் தமிழ் ஆட்கள்தான் அசையவில்லை. மண்டோர் நாகப்பன் கைலியோடு வாசலுக்கு வந்து, துரை சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். சங்கு ஊதட்டும், ஊதின மறுநிமிஷம் தானே எல்லாரையும் கிளப்புவதாகச் சொன்னார். சங்குதான் கெட்டுக் கிடக்கிறது என்று கத்தினேன். போன வாரம்தான் உங்க ஆபீஸ்ல இருந்து பிரெட்ரிக் வந்து பார்த்து, நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனான் என்றார். உண்மைதான், போன வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது, ஒவ்வொரு தலையும் மேலே சங்கு இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

லூர்தம்மாள் வீடு நடுவில். கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றாமல், டிவி பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், துண்டு எடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பிரெட்ரிக்தான் அனுப்பினான், உடனே வெளியே வரச் சொன்னான் என்றேன்.

“அவன் எங்க?”

“ஆபீஸ்ல, ஆண்ட்டி.”

“அப்புறம் என்ன,” என்றார். “எம்மவன் வச்ச சங்கு மேல நிக்குது. அது பாத்துக்கிட்டு இருக்குன்னுதான் இத்தன வருசமா மழைக்கு நான் நிம்மதியா தூங்குறேன். எனக்கு ஏதும் சொல்லணும்னா அவன் சங்குல சொல்லுவான். உக்காரு புள்ள, தேத்தண்ணி போடுறேன்.”

என்ன சொல்லியும் எழுந்திருக்கவில்லை. நான் அழுதேன். அழுவதைப் பார்த்து, வேலையில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவினார். யோகேந்திரன் திட்டினானா என்று கேட்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டு, உங்கள் மகன் எழுதியதில் தப்பு இருக்கிறது, அந்தத் தப்பை எடுக்கத்தான் இப்போது மேலே நிற்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் விழுங்கினேன்.

அப்போது சங்கு ஊதியது.

அட்டையைச் செருகிய உடனேயே ஊதியிருக்க வேண்டும். காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி ஒரே மூச்சாக, நிறுத்தாமல் ஊதியது. லூர்தம்மாள் அடுப்பை அணைத்தார். ஆணியில் தொங்கிய ஜெபமாலையையும் மேசையில் இருந்த போனையும் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வெளியே நடந்தார். ஒரு பதற்றமும் இல்லை. எல்லாக் கதவும் திறந்தன. நாகப்பன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் குரல் கொடுத்தார். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாகப்பன் சொன்ன சொல் தவறாதவர், சங்கு ஊதினால் கிளப்புகிறேன் என்றார், கிளப்பினார். லயத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கும் பெரட்டுக் களத்துக்குக் கடைசி ஆள் ஏறும் வரைக்கும் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். பனிதான் தெரிந்தது. லோரி ரோட்டுக்குப் போய்விட்டிருப்பான், போய்விட்டிருப்பான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

லோரியிலிருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் மேலே கேட்டது. கேட்டதும் சங்கு நின்றுவிட்டது. ஊதி முடித்து நிற்கும்போது அது மெல்ல இறங்கி ஓயும், நான்தான் அப்படி விதி எழுதியிருந்தேன். அன்றைக்கு இறங்கவில்லை, நடுவிலேயே அறுந்தது. பிறகு பனிக்குள்ளிருந்து தேயிலைச் செடியும் மண்ணும் மரமும் ஒன்றாக இறங்கி வந்தன. நேப்பாள ஆட்கள் தங்கியிருந்த வீடுகள் முதலில் போயின, பிறகு நடு வீடுகள். கோழிக் குழம்பு இருந்த அடுப்படி, டிவி, உரித்த வெங்காயம், எல்லாம் போயின. கொஞ்ச நேரத்தில் கூரைத் தகரம் இரண்டு மட்டும் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு குழந்தை பூனை எங்கே என்று கேட்டது. பெரட்டுக் களம் என்பதால், ஒருவரும் சொல்லாமலேயே எல்லாரும் தங்கள் தங்கள் கேங்கில் போய் நின்றுவிட்டார்கள். நாகப்பன் முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு கேங்காகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் முன்னாலிருந்து பதில் வந்தது.

“லூர்தம்மா கேங்.”

“இருக்கோம்,” என்றார் லூர்தம்மாள்.

நேப்பாள ஆட்களை அவர்களுடைய தலைவர் எண்ணிச் சொன்னார். நாகப்பன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லாரும் இருக்கிறார்கள், ஓர் ஆள்கூடக் குறையவில்லை என்று சத்தமாகச் சொன்னார். அப்போதுதான் எல்லாரும் அழுதார்கள். வீடு போன அழுகையும் உயிர் பிழைத்த அழுகையும் ஒன்றாகக் கலந்திருந்தது. பொம்பாவின் தீயணைப்பு வண்டி கீழ் ரோட்டில் வரும் சத்தம் கேட்டது. மண்ணுக்குள் தேட வேண்டிய ஆள் யாரும் இல்லை, நல்லவேளை என்று நாகப்பன் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லோரி ரோடு மேட்டிலிருந்து தெரியும். பனி கொஞ்சம் விலகியிருந்தது. ரோட்டில் ஒருவரும் இல்லை. ரோடே பாதிதான் இருந்தது. பெட்டி நின்ற இடத்தில் செம்மண் மட்டும் பச்சைக் காயமாகத் திறந்து கிடந்தது. மஞ்சளாக எதுவும் தெரிகிறதா என்று கண் எரியும் வரை பார்த்தேன்.

லூர்தம்மாள் வரிசையில் முன்னால் நின்றபடி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். வீடு போனதற்கு அவர் அழவில்லை, முகம் பூரித்துப்போயிருந்தது. பின்னால் நின்றவர்களிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா புள்ள, சொன்னேன்ல, அவன் சங்குல சொல்லுவான்னு. எல்லாரும் மேல ஏறுற வரைக்கும் ஊத வச்சு, ஏறுனதும் டக்குனு நிறுத்திட்டான். ஆபீஸ்ல இருந்தே எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.” போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லைன் வந்ததும் அவனுக்குச் சொல்லு, நல்லா கேட்டுச்சுன்னு. எல்லாரும் இருக்கோம்னு சொல்லு.”

நான் தலையாட்டினேன். தலையாட்டியதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பிறகு நாகப்பனிடம் போனேன். பொம்பா ஆட்கள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள், அவர் இரண்டு கையையும் விரித்து, யாரையும் தேட வேண்டாம் என்று மலாயில் சொல்லப்போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“ஒரு ஆளு கொறையுது, மண்டோரே.”

அவர் என்னைப் பார்த்தார். இப்போதுதானே கூப்பிட்டேன், எல்லாக் கேங்கும் பதில் சொல்லிவிட்டதே என்றார். வெளியாள் யாராவது லயத்துக்கு வந்திருந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் எந்தக் கேங் என்று கேட்டார். அவர் குரல் எப்போதும் களம் முழுக்கக் கேட்கும், அன்றைக்கும் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

“லூர்தம்மா கேங்,” என்றேன்.

லூர்தம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் ஏதோ தெரியாமல் சொல்கிறேன் என்பதுபோல. தன் கேங்கில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று நாகப்பனிடம் சொன்னார். பிறகு என் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். முன்னால் நின்றவர் மெதுவாகப் பின்னால் திரும்பி, தன் வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.